ரயில் பயணிகளின் உயிரும் ஆட்சியாளர்களின் அமானிதமும்

  



2023 ஜூன் 2. அன்றும் ஒரு வெள்ளிக்கிழமைதான். மேற்கு வங்கத்தின் ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தது கோரமண்டல் எக்ஸ்பிரஸ். நம் ஊர்களுக்குக் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வருகிற வடமாநிலத் தொழிலாளிகள், வேலூருக்கு வைத்தியம் பார்க்க வருகிற வங்காளக் குடும்பங்கள் என்று இரு தரப்பும் நம்பி ஏறுகிற வண்டி அது. இரவு ஏழு மணியை ஒட்டி, ஒடிசா மாநிலம் பாலசோர் அருகே பஹநாகா பஜார் என்ற சிறிய ஸ்டேஷனில், நேராகப் போக வேண்டிய வண்டி பக்கத்து லூப் லைனில் புகுந்தது. அங்கே இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றிருந்தது. மோதிய வேகத்தில் சிதறிய பெட்டிகள், எதிர்த்திசையில் கடந்துகொண்டிருந்த பெங்களூரு–ஹவுரா வண்டியின் கடைசிப் பெட்டிகளையும் அடித்தன. 290-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். காயப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

முன்பதிவில்லாத பெட்டிகளில் வந்தவர்களுக்குப் பயணிகள் பட்டியல் கிடையாது. யார் வந்தார், யார் போனார் என்பதற்கு எந்தத் தாளும் இல்லை. நான்கு மாதம் கழித்தும் 28 உடல்கள் யாருடையவை என்று தெரியாமலே இருந்தன. கடைசியில் அக்டோபரில் புவனேஸ்வர் மாநகராட்சியே அவற்றைத் தகனம் செய்தது. அவர்களில் எந்த மார்க்கத்தார் எத்தனை பேர் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். எங்கோ ஒரு வீட்டில் ஒரு தாய் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த நிகழ்ச்சியோடு சேர்ந்து இன்னொன்றும் நடந்தது. மறுநாளே சமூக ஊடகங்களில் ஒரு படம் பரவியது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வெள்ளை நிறத்தில் ஒரு கட்டடம். "பாருங்கள், பக்கத்தில் பள்ளிவாசல் இருக்கிறது, விபத்து நடந்ததும் வெள்ளிக்கிழமை" என்று எழுதினார்கள். அது பள்ளிவாசல் அல்ல, இஸ்கான் கோயில் என்பது பிறகு தெரிந்தது. விபத்துக்கு மதச்சாயம் பூசினால் நடவடிக்கை எடுப்போம் என்று ஒடிசா காவல்துறையே எச்சரிக்க வேண்டி வந்தது. செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்று அல்லாஹ் ஹுஜுராத் சூராவில் (49:6) நமக்குக் கட்டளையிடுகிறான். அந்தக் கட்டளை நமக்கு எதிராகப் பேசுகிறவர்களுக்கு மட்டும் உரியதல்ல. நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் உரியது. அதே இரவில் பாலசோர் ஆஸ்பத்திரி வாசலில் ரத்தம் கொடுக்க வாலிபர்கள் வரிசை கட்டி நின்றார்கள். யாருக்குக் கொடுக்கிறோம் என்று அவர்கள் கேட்கவில்லை.

சரி, விபத்து ஏன் நடந்தது?

ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்தார். இந்தப் பதவி ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள். தவறு செய்த துறையே தன்னை விசாரித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடு. அவர் கண்டுபிடித்தது இதுதான்: சில ஆண்டுகளுக்கு முன் சிக்னல் வயரிங்கில் செய்த மாற்றத்தில் கோளாறு இருந்தது. விபத்தன்று லெவல் கிராசிங் கேட்டில் தானியங்கித் தடுப்பை மாற்றும் வேலை நடந்தபோது, இன்னொரு பிழையும் அதோடு சேர்ந்துகொண்டது. சிக்னல், நேர்பாதைக்குப் பச்சை காட்டியது. பாயிண்டோ பக்கத்துப் பாதைக்குத் திரும்பியிருந்தது. ஓட்டுநர் பச்சையைப் பார்த்தார், போனார். அவர் மீது தவறில்லை.

அந்த அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இதைக் கவனமாகக் கேளுங்கள். விபத்துக்கு ஓராண்டுக்கு முன், 2022 மே மாதம், அதே கரக்பூர் கோட்டத்தில் பாங்க்ராநயாபாஸ் என்ற ஸ்டேஷனில் இதே போன்ற தவறான வயரிங்கால் ஒரு கோளாறு நடந்திருக்கிறது. அப்போதே பாடம் படித்துச் சரிசெய்திருந்தால் பஹநாகாவில் இது நடந்திருக்காது என்ற கருத்தை ஆணையர் பதிவு செய்திருக்கிறார். இது தவிர, 2023 பிப்ரவரியில் கர்நாடகாவின் ஹொசதுர்கா ரோடு ஸ்டேஷனில் ஒரு வண்டி தவறான பாதைக்குப் போக இருந்து, ஓட்டுநரின் விழிப்பால் தப்பியது. அங்கிருந்த மூத்த அதிகாரி ஒருவர் சிக்னல் முறையில் இருக்கும் ஆபத்தைப் பற்றி எழுத்திலேயே எச்சரித்திருந்தார்.

ஆக, எச்சரிக்கை வந்தது. ஒரு முறையல்ல.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்"

இதைக் கேட்டதும் நம்மில் பலர் சொல்லுவோம்: "ஹள்ரத், மவ்த்து எழுதப்பட்டிருந்தது, போனார்கள். யாரைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?" களா கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. அதில் மாற்றுக்கருத்து இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனிடம் இதைச் சொன்னால் அது ஆறுதல். இடிபாட்டில் சிக்கி இறந்தவர்களை ஷஹீதுகளின் வரிசையில் நாயகம் (ஸல்) அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள் (புகாரி), அதையும் சொல்லலாம். ஆனால் வயரிங்கைப் பார்க்க வேண்டிய பொறுப்பில் இருந்தவர் அதே வார்த்தையைச் சொன்னால்? பணம் ஒதுக்க வேண்டியவர் சொன்னால்? அங்கே அது ஈமான் அல்ல, ஒளிந்துகொள்ளும் இடம்.

ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு ஸர்ஃக் என்ற இடம் வரை வந்துவிட்டார்கள். ஷாமில் கொள்ளை நோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. ஸஹாபாக்களிடம் ஆலோசனை செய்து, மக்களைத் திருப்பி அழைத்துப் போக முடிவெடுத்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஆமாம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்று பதில் சொன்ன உமர் (ரலி), ஓர் உதாரணமும் சொன்னார்கள். உன் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறாய். ஒரு கரை பசுமை, மறுகரை வறண்டது. எதில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதானே மேய்க்கிறாய்? (புகாரி). வறண்ட பக்கம் ஓட்டிவிட்டு, ஒட்டகம் பட்டினி கிடந்தது விதி என்று எந்த மேய்ப்பனும் சொல்ல முடியாது.

ஆட்சியாளர் மேய்ப்பர். மக்களைப் பற்றி அவரிடம் விசாரிக்கப்படும். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற, நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லுகிற ஹதீஸ்தான் இது. நாம் அதைப் பெரும்பாலும் குடும்பத் தலைவருக்குத்தான் பயான் செய்கிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் அந்த ஹதீஸில் முதலில் சொன்னது தலைவரைத்தான். குடும்பம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

உமர் (ரலி) அவர்களைச் சூழ்ந்திருந்தவர்கள் சொன்னது

ஃபிக்ஹு நூல்களில் ஒரு சம்பவம் வருகிறது. அதன் ஸனது பற்றி முஹத்திஸீன்களிடையே பேச்சு உண்டு. ஆனாலும் பொறுப்புப் பற்றிய சட்டம் பேசும்போது ஃபுகஹாக்கள், குறிப்பாக ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள், இதை எடுத்துச் சொல்லுகிறார்கள்.

கணவர் வெளியூரில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி உமர் (ரலி) அவர்களிடம் ஏதோ சொல்லப்பட்டது. விசாரிப்பதற்காக ஆளனுப்பி அழைத்தார்கள். கலீஃபா உமர் கூப்பிடுகிறார் என்றதும் அந்தப் பெண் நடுங்கிப் போனாள். அவள் கர்ப்பிணி. வழியிலேயே வலி கண்டது. ஒரு வீட்டில் நுழைந்து பிரசவித்தாள். குழந்தை இரண்டு முறை அழுதது, பிறகு இறந்துவிட்டது.

உமர் (ரலி) ஸஹாபாக்களைக் கூட்டிக் கேட்டார்கள்: என் மீது ஏதாவது கடமை உண்டா? சிலர் சொன்னார்கள், உங்கள் மீது ஒன்றும் இல்லை, நீங்கள் ஆட்சியாளர், மக்களைத் திருத்துகிறவர். அலீ (ரலி) மட்டும் பேசாமல் இருந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள் என்றார்கள். அலீ (ரலி) சொன்னதன் கருத்து: இவர்கள் ஆய்ந்து சொல்லியிருந்தால் இவர்களுடைய ஆய்வு தவறு. உங்களைத் திருப்திப்படுத்தச் சொல்லியிருந்தால் உங்களுக்கு இவர்கள் நலம் நாடவில்லை. அந்தக் குழந்தையின் தியத்து உங்கள் மீது கடமை, ஏனென்றால் அவள் நடுங்கியது உங்களால்தான்.

உமர் (ரலி) அதை ஏற்றுக்கொண்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். உமர் (ரலி) அந்தப் பெண்ணைத் தொடவில்லை, திட்டவில்லை, பார்க்கக்கூட இல்லை. ஆளனுப்பியது மட்டும்தான். "நான் அனுப்பிய ஆள் ஏதோ கடுமையாகப் பேசிவிட்டான்" என்று சொல்லி அந்த ஆளைத் தண்டித்து விஷயத்தை முடித்திருக்கலாம். அந்த வழி அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அதிகாரம் எங்கிருந்து புறப்பட்டதோ அங்கேயே பொறுப்பும் போய் நின்றது.

நம் நாட்டில் நடப்பது என்ன? பஹநாகா விபத்துக்காக சிபிஐ 2023 ஜூலையில் மூன்று ரயில்வே ஊழியர்களைக் கைது செய்தது. இரண்டு பொறியாளர்கள், ஒரு டெக்னீஷியன். அவர்கள் குற்றவாளிகளா என்பது நீதிமன்றத்தின் வேலை, அதில் நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் 2022-ல் வந்த எச்சரிக்கை எந்த மேஜையில் கிடந்தது, 2023 பிப்ரவரியில் எழுதிய கடிதத்தை யார் படித்தார், படித்துவிட்டு என்ன செய்தார் என்ற கேள்விகள் டெக்னீஷியனிடம் கேட்கிற கேள்விகள் அல்ல.

நம் மாநிலத்திலேயே பாருங்கள். 2025 ஜூலை 8 அன்று கடலூர் பக்கம் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். கேட் கீப்பர் கைதானார். அது சிக்னலோடு இணைக்கப்படாத கேட். கேட் திறந்திருந்தாலும் ரயிலுக்குப் பச்சை விழும், அங்கே எல்லாமே ஒரு மனிதனின் கவனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் சுரங்கப்பாதைக்கு நாங்கள் அனுமதி கொடுத்து ஓராண்டாகிறது, மாவட்ட நிர்வாகம்தான் ஒப்புதல் தரவில்லை என்றது ரயில்வே. மூன்று ஜனாஸாக்களை நடுவில் வைத்துக்கொண்டு ஓர் அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டியது. விபத்துக்குப் பிறகு அமைச்சகம் விதியை மாற்றியது: போக்குவரத்து அளவு 20,000 இருந்தால்தான் கேட்டைச் சிக்னலோடு இணைப்போம் என்றிருந்ததை 10,000 ஆகக் குறைத்தது. நல்லதுதான். மூன்று பிள்ளைகள் போன பிறகு செய்ய முடிந்ததை முன்பே செய்ய என்ன தடை இருந்தது என்று கேட்பது நம் உரிமை மட்டுமல்ல, கடமையும்.

நீதியாகவும் பேச வேண்டும். ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை அநீதிக்குத் தள்ளிவிடக் கூடாது என்று குர்ஆன் (5:8) சொல்லுகிறது. அகல ரயில்பாதையில் ஆளில்லா கேட்டுகள் 2019 ஜனவரிக்குள் அகற்றப்பட்டன, அதனால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. 2014-15-ல் 135 ஆக இருந்த பெரிய விபத்துகள் 2024-25-ல் 31 ஆகக் குறைந்ததாக அரசு கணக்குக் கொடுக்கிறது. குறைந்ததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி, உழைத்த ஊழியர்களுக்கும் நன்றி. ஆனால் கணக்குக் கொடுத்தாகிவிட்டது என்பதற்காகக் கேள்வி கேட்பது நின்றுவிடக் கூடாது.

பணத்தின் கணக்கையும் கேட்போம். 2017-18-ல் ரயில் பாதுகாப்புக்கென்றே ஒரு தனி நிதி தொடங்கினார்கள், ஐந்து ஆண்டில் 1 லட்சம் கோடி ரூபாய் என்று. 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை என்ன சொன்னது? ரயில்வே தன் பங்காக ஆண்டுக்குப் போட வேண்டிய 5,000 கோடியை முழுமையாகப் போடவில்லை. அந்த நிதியிலிருந்து முன்னுரிமை இல்லாத வேலைகளுக்குப் போன செலவு கூடியது. தண்டவாளத்தின் நிலையை அளக்கும் வண்டிகள் செய்ய வேண்டிய ஆய்வுகளில் 30 முதல் 100 சதவீதம் வரை பற்றாக்குறை. இந்தக் குறையைச் சொன்னது அரசாங்கத்தின் சொந்தத் தணிக்கையாளர். பைத்துல்மால் என்பது அமானிதம். ஒரு காரியத்துக்கென்று ஒதுக்கியதை இன்னொன்றுக்குச் செலவழித்தால், நம் பள்ளிவாசல் வக்ஃபில்கூட முத்தவல்லியை விடமாட்டோம்தானே?

பதவியை விட்டவர்

1956 நவம்பர் 23. அதுவும் வெள்ளிக்கிழமை. மழை வெள்ளத்தில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் பாதிக்கப்பட்டு, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மஹபூப்நகர் விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்து, அவர் ராஜினாமா கொடுத்திருந்தார். நேரு அப்போது ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மீண்டும் கொடுத்தார், ஏற்கப்பட்டது. அவர் பாலத்தைக் கட்டியவரும் அல்ல, வண்டியை ஓட்டியவரும் அல்ல.

ராஜினாமா செய்தால் பாலம் சரியாகிவிடாது. பதவி விலகிவிட்டு அடுத்த மாதம் வேறு பதவியில் அமர்வதை நாம் பார்க்காமலும் இல்லை. ஆனாலும் அந்த மனிதர் முஸ்லிம் அல்ல, உமர் (ரலி) அவர்கள் போன பாதையில் ஓர் அடி வைத்தார் என்று சொல்ல நமக்குத் தயக்கம் வேண்டாம். பதவி என்பது அமானிதம், அதன் ஹக்கை நிறைவேற்றாதவருக்கு மறுமையில் அது கைசேதம் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது முஸ்லிம் ஷரீஃபில் இருக்கிறது.

நம் பங்கு

படியில் தொங்குகிற நம் பிள்ளைகளைப் பற்றியும் பேச வேண்டும். 2018 ஜூலை 24 அன்று சென்னை பரங்கிமலை ஸ்டேஷனில், கூட்டம் நிரம்பிய மின்சார ரயிலில் தொங்கியபடி வந்த வாலிபர்கள் நடைமேடை ஓரத்துக் கான்கிரீட் சுவரில் மோதி இறந்தார்கள். அன்று மின்கம்பிக் கோளாறால் வண்டி வேறு பாதையில் விடப்பட்டிருந்தது. தொங்கியது தப்பா? தப்பு. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்பது (2:195) நமக்கும் பொருந்தும். காலை எட்டரை மணிக்கு வேலைக்குப் போக அந்த ஒரு வண்டிதான் இருக்கிறது, உள்ளே கால் வைக்க இடமில்லை என்றால், வண்டிகளைக் கூட்டாதவர்களுக்கு அதில் பங்கு இல்லையா? அதுவும் இருக்கிறது. ஒருவருடைய தவறு இன்னொருவருடைய பொறுப்பை அழித்துவிடாது.

தவறுதலாக ஓர் உயிர் போனாலும் தியத்து உண்டு என்று குர்ஆன் (4:92) விதிக்கிறது. "வேண்டுமென்றா செய்தேன்" என்று கேட்டுத் தப்ப முடியாது. ஆச்சரியமாக, நம் நாட்டு ரயில்வே சட்டம் 1989-லும் இதற்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. 124-ஆம் பிரிவுப்படி, ரயில் விபத்தில் பயணி இறந்தாலோ காயப்பட்டாலோ, யார் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கலாம். இறப்புக்கு 2017 முதல் 8 லட்சம் ரூபாய். வண்டியிலிருந்து தவறி விழுந்தாலும் 124ஏ பிரிவில் கேட்கலாம். ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். டிக்கெட் கையில் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றமும் 2018-ல் சொல்லியிருக்கிறது. இதெல்லாம் தெரியாமலே எத்தனையோ விதவைகள் தங்கள் ஹக்கை இழக்கிறார்கள். இறந்தவருக்குக் கத்தம் ஓதப் போகிற நாம், அந்த வீட்டில் மனு எழுதிக் கொடுக்கவும் ஓர் ஆளை அனுப்ப வேண்டும். ஜமாஅத்தில் வக்கீல் இல்லையா? இருக்கிறார். அவர் வாரத்தில் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும்.

பாதையில் கிடக்கும் தொந்தரவை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று ஹதீஸில் (முஸ்லிம்) வருகிறது. முள்ளைப் பற்றியும் கல்லைப் பற்றியும் பேசியே பழகிவிட்டோம். நம் ஊர் ரயில்வே கேட் சிக்னலோடு இணைந்திருக்கிறதா? தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனுப் போட்டுக் கேட்கலாம். சுரங்கப்பாதைக் கோப்பு எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்றும் அதே மனுவில் கேட்கலாம். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு பள்ளிவாசல் வாசலுக்கு வருகிறவர்களிடம் கபரஸ்தான் சுவர் கேட்கிறோம், மேடைக்கு ஷெட் கேட்கிறோம். பிள்ளைகள் தினமும் தாண்டுகிற கேட்டைப் பற்றி இதுவரை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறோம்? பெயரும் தேதியும் போட்டு ஒரு கடிதம் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி போய்க் கேளுங்கள். மாற்று மத சகோதரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேனில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும்தான் போகிறார்கள்.

யா அல்லாஹ்! பயணத்தில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு ஸப்ரையும், அவர்களுக்குச் சேர வேண்டிய ஹக்கையும் கொடுப்பாயாக. எங்கள் மீது பொறுப்பேற்றவர்களின் உள்ளத்தில் உன் விசாரணையின் பயத்தைப் போடுவாயாக. அலீ (ரலி) அவர்களைப் போல் உண்மை சொல்லுகிறவர்களை அவர்களுக்குப் பக்கத்தில் அமர்த்துவாயாக. எங்கள் பயணங்களையும் எங்கள் பிள்ளைகளின் பயணங்களையும் பாதுகாப்பாயாக. ஆமீன்.